இசைத்தட்டைக் குழந்தையின் கையில் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பரணில் கிடக்கும் ரெக்கார்டுகளை இறக்கித் தூசி தட்டி, "அந்தக் காலத்துல நாங்க..." என்று ஆரம்பித்தால் ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்? ஒரு நிமிடம் தாண்டினாலே பெரிய விஷயம். அந்த நினைவுகளெல்லாம் நம்முடையவை. மூர் மார்க்கெட்டில் குனிந்து தட்டு தேடியதும், இலங்கை வானொலியில் பிடித்த பாட்டுக்காகக் காத்திருந்ததும், கல்யாண வீட்டு மைக் செட்டில் விடியற்காலையில் நாதஸ்வரம் கேட்டு எழுந்ததும் குழந்தைக்கு எதுவும் சொல்லாது. அதன் கண்ணுக்குத் தெரிவது எதிரே சுற்றும் கருப்புத் தட்டு மட்டும்தான்.

அந்தத் தட்டே போதும் என்பது என் உறுதியான கருத்து. பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம், தன் கையால் அதை ஆரம்பித்து வைக்கலாம், தன் கையால் நிறுத்தலாம். இன்றைய வீட்டில் இப்படி ஒரு கருவி வேறு இல்லை. அதனால் நம் ஏக்கத்தைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டு, தட்டையும் முள்ளையும் குழந்தையின் கைக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பார்ப்போம். மூன்றிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்த பிளேயர்?

வீட்டிலேயே பழையது இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். எச்.எம்.வி. ஃபியஸ்டா, கலிப்சோ போன்றவை இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. பிளக்கைச் சொருகும் முன் மூன்று வேலை. முதலில் மின்கம்பியை எலக்ட்ரீஷியனிடம் காட்டி மாற்றுங்கள். குழந்தை தொடப்போகும் பெட்டி என்பதால் இதில் சமரசம் வேண்டாம். அடுத்து, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் அல்லது ரப்பர் சக்கரம் பெரும்பாலும் இறுகியோ நெகிழ்ந்தோ போயிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மூன்றாவது முள். தேய்ந்த முள் பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, ஓடும் ஒவ்வொரு தட்டையும் நிரந்தரமாகச் செதுக்கிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் 110 வோல்ட் பிரச்சினை தீரும். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏசி மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், பாடுபவரின் குரல் கனத்துத் தொங்கும். டிசி மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

புதிதாக வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சூட்கேஸ் வடிவ பிளேயரைத்தான். அழகாக இருக்கும், குழந்தையே தூக்கிப் போகலாம். குறை என்னவென்றால், இவற்றில் முள்ளைத் தாங்கும் பாகம் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்; முள் தட்டை 4 முதல் 6 கிராம் எடையில் அழுத்தும். நல்ல டர்ன்டேபிளில் அது 2 கிராமை ஒட்டியே இருக்கும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் முள்ளே ஆடிப்போகும். சந்தையில் மலிவாக வாங்கிய தட்டுகளுக்கு இது பரவாயில்லை. தாத்தா சேர்த்து வைத்த எல்.பி.களை, அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகளை, இதில் போடாதீர்கள்.

எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: முள்ளைத் தாங்கும் பிளேயரின் கையைத் தூக்கி இறக்கும் சின்ன லிவர். நல்ல லிவரை இறக்கினால் முள் தானாக, மெதுவாக, மிதந்து வந்து தட்டில் உட்காரும். நான்கு வயதுக் குழந்தை தவறில்லாமல் பாட்டு போட முடிவது இதனால்தான். பட்டனை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் ஆட்டோமேட்டிக் பிளேயர்களும் உண்டு. வசதிதான். ஆனால் குழந்தைக்கு மிஞ்சுவது இன்னொரு பட்டன். நான் லிவர் பக்கம்.

2. எங்கே வைப்பது?

பாட்டு வந்தால் குழந்தை குதிக்கும், குதிக்கவும் வேண்டும். நம் வீடுகளின் சிமென்ட் தரை அதிகம் அதிராது, அது நமக்கு வசதி. ஆட்டம் கொடுப்பது பெரும்பாலும் ஒல்லிக்கால் டீப்பாயும் டி.வி. ஸ்டாண்டும். சுவரில் பதித்த கடப்பா கல் ஷெல்ஃப் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்தில் யார் ஆடினாலும் முள் நகராது. உயரம் குழந்தையின் நெஞ்சளவு இருக்கட்டும். தட்டு சுற்றுவது கண்ணில் பட வேண்டும், எக்கிப் பிடித்துத் தொங்கும் உயரமாக இருக்கக் கூடாது. ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம்.

வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கவனம். 45 வேகத் தட்டின் (நிமிடத்துக்கு 45 முறை சுற்றுவது) பெரிய ஓட்டைக்குப் போடும் அடாப்டர், சிலிக்கா ஜெல் பொட்டலம், கழற்றிய முள் எல்லாம் வாய்க்குள் போகும் அளவு உள்ளவை. மேல் அலமாரியில் மூடிபோட்ட டப்பாவுக்குள் இருக்கட்டும். ஸ்பீக்கரைக் குழந்தையின் காது மட்டத்துக்கு நேராக, பக்கத்தில் வைக்காதீர்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். அறையில் நீங்கள் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் சத்தம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

3. தட்டுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்

குழந்தை வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு குவியல் குழந்தை தாராளமாகத் தொடக்கூடியது. இன்னொன்று பெரியவர்கள் மட்டும் எடுப்பது. நடுவில் "பார்த்துத் தொடு" என்று மூன்றாவது குவியல் வைக்காதீர்கள். "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்ற சத்தத்திலேயே குழந்தைக்கு ரெக்கார்டு என்றால் பயம் வந்துவிடும்.

78 வேகத் தட்டுகள் எல்லாம் இரண்டாவது குவியலுக்குப் போகட்டும். அவை வினைல் கிடையாது, பெரும்பாலும் அரக்கில் செய்தவை. கை தவறினால் உடைந்தே போகும். பள்ளமும் அகலம் அதிகம் என்பதால் அதற்குத் தனி முள் வேண்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பாடும். எல்.பி. 1948-லும் 45 வேகத் தட்டு 1949-லும் அமெரிக்காவில் வந்தன. அதற்கு முன் பதிவான கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் பாட்டெல்லாம் முதலில் வந்தது 78-ல். இன்னொரு எச்சரிக்கை: சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் வீட்டில் இருந்தால் அதில் எல்.பி.யைப் போடவே கூடாது. அதன் இரும்பு முள்ளின் கனத்தை வினைல் தாங்காது.

4. முதல் தட்டு

எல்.பி.யிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடும். மூன்று வயதுக்கு அது யுகம். ஏழு அங்குல இ.பி.தான் சரியான ஆரம்பம். பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும், சின்னக் கைக்குப் பிடிக்கவும் வாகான அளவு. அறுபது, எழுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகள் நிறைய இ.பி.யாக வந்திருக்கின்றன, பழைய தட்டுக் கடைகளில் இன்றும் கிடைக்கும்.

எந்தப் பாட்டு? உங்களுக்கு உயிரான பாட்டை முதல் நாளே போடாதீர்கள். அது ஓடும்போது குழந்தை எழுந்து போனால் உங்கள் மனம் சுருங்கும், அந்தச் சுருக்கம் முகத்தில் தெரியும், குழந்தை அதைப் பார்த்துவிடும். தாளம் துள்ளுவதாக, சொற்கள் தெளிவாகக் கேட்பதாக எடுங்கள். சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழும், சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சொற்களே இல்லாத தட்டும் ஒன்று இருக்கட்டும். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரம் வீட்டுக்குள் ஒலித்தால், கோயிலில் மட்டும் அந்த வாத்தியத்தைக் கேட்ட பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கும். சிட்டிபாபுவின் வீணையும் நல்ல தேர்வு. எங்கள் வீட்டில் முதலில் ஜெயித்தது தவில்தான். என் மகள் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கூடவே வாசித்தாள்.

கதை வசனத் தட்டுகளையும் தேடிப் பாருங்கள். ஒரு படத்தின் ஒலியைச் சுருக்கி எல்.பி.யாகப் போட்டவை அவை. ஆறு வயதுக்கு மேல், கதை கேட்கும் பழக்கம் வந்த பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

5. முதல் நாள்

சாப்பிட்டு முடித்த பிறகு, தூக்கம் வராத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் கையும் கழுவித் துடைத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற விரல் தட்டுக்கு ஆகாது.

முதலில் நீங்கள் ஒரு முறை பேசாமல் செய்து காட்டுங்கள். உறையிலிருந்து தட்டை எடுப்பது, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொடுவது, சுழல்மேடையில் வைப்பது, சுற்ற விடுவது, கையை நகர்த்துவது, லிவரை இறக்குவது. விளக்கம் எதுவும் வேண்டாம். முள் உட்கார்ந்ததும் வரும் "டப்" சத்தத்தையும், பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் சரசரப்பையும் குழந்தை தானாகக் கவனிக்கட்டும்.

இரண்டாம் முறை லிவரை மட்டும் குழந்தையிடம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்து, முள்ளைத் தட்டின் விளிம்புக்கு மேலே நிறுத்திவிட்டு, "இப்ப நீ இறக்கு" என்று சொல்லுங்கள். பாட்டு வந்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். இதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்த வேலைகளை வயதுக்கேற்ப ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு போகலாம். மூன்று, நான்கு வயதில் லிவரும், சுழற்றும் பட்டனும். ஐந்தில், உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துத் தட்டை உறையிலிருந்து எடுப்பது. இரண்டு உள்ளங்கையாலும் விளிம்பைப் பிடிக்கப் பழகுவதற்குப் பழைய, பாடாத தட்டு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆறில், தட்டை மேடையில் வைப்பது, திருப்பிப் போடுவது. கையை நகர்த்தி நடுவில் இருக்கும் பாட்டைக் குறிவைத்து இறக்குவது ஏழு, எட்டு வயதுக்கு மேல். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும், என் அண்ணன் மகன் ஐந்திலேயே எல்லாம் செய்தான். அவசரம் வேண்டாம்.

6. பாட்டு எங்கே இருக்கிறது?

குழந்தை கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு வாயால் பதில் சொல்லாமல் காட்டுங்கள். இந்தப் பகுதிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கோடுகள் மின்னும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மென்மையான பட்டை தெரியும். ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு என்று கேட்காமலே எண்ணிவிடலாம். பிறகு ஒரு புதிர்: "இந்தப் பக்கத்தில் எத்தனை கோடு?" நூறு, ஆயிரம் என்பார்கள். விடை ஒன்றே ஒன்று. விளிம்பில் தொடங்கி நடு வரை சுருண்டு சுருண்டு போகும் ஒரே பள்ளம். முள் அதற்குள்ளேயே நடந்து வருகிறது.

அடுத்து சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு முள்ளை இறக்குங்கள். காதைப் பக்கத்தில் கொண்டு போகச் சொல்லுங்கள். கொசு பாடுவது போல மெல்லிய குரலில் அதே பாட்டு கேட்கும், ஸ்பீக்கரே இல்லாமல். முள்ளின் நடுக்கம்தான் பாட்டு என்பது அந்த நொடியில் பிள்ளைக்குப் புரியும்.

இனி பெரிய சோதனை. ஏற்கெனவே கீறி வீணாகிப்போன எல்.பி. ஒன்று வேண்டும், ஏனென்றால் இது தட்டை மேலும் கெடுக்கும். சார்ட் பேப்பரை நீளமான கூம்பாகச் சுருட்டி டேப் போட்டு ஒட்டுங்கள். கூர்முனையில் ஒரு குண்டூசியை அரை அங்குலம் வெளியே நீட்டியபடி குத்தி டேப்பால் இறுக்குங்கள். பிளேயரின் கையை ஓய்வில் பூட்டிவிட்டுத் தட்டைச் சுழல விடுங்கள். கூம்பின் அகலமான பக்கத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, ஊசி நுனியைச் சாய்வாக, தட்டு சுற்றும் திசையை ஒட்டிப் பள்ளத்தில் வையுங்கள். காகிதம் பாடும். ஊசியைக் குத்துவது உங்கள் வேலை, கூம்பைப் பிடிப்பதும் காது கொடுப்பதும் பிள்ளையின் பங்கு. பழைய கிராமபோனின் புனல் என்ன வேலை செய்தது என்று இதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்கு விளையாட்டும் உண்டு. எல்.பி.யின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சுழல்மேடையின் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மூன்று நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். சரியாக 100 வர வேண்டும். வந்தால் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் என்ன என்று புரியும், உங்களுக்கு பிளேயரின் வேகம் சரி என்று தெரியும். அப்புறம் எல்.பி.யை 45-ல் ஓடவிட்டுக் காட்டுங்கள். கம்பீரமான குரல் கீச்சுக் குரலாகும், வீடே சிரிக்கும். தட்டுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு வாயேஜர் கதையைச் சொல்லுங்கள். 1977-ல் விண்ணுக்குப் போன இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கமும், நம் நாட்டு இந்துஸ்தானி இசைப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதில் உண்டு. கூடவே ஒரு முள்ளும், அதை ஓட்டும் விதத்தைப் படமாக வரைந்து காட்டும் உறையும் அனுப்பியிருக்கிறார்கள். தான் இப்போது கற்றுக்கொண்டதையே வேற்று உலகத்தாருக்கும் விளக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெருமை தாங்காது.

7. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

பழக்கமாக்குவது எளிது. மாலையில் ஒரு பக்கம், அவ்வளவுதான். பின்னணியில் ஓடவிட்டு ஆளுக்கொரு போனைப் பார்க்காதீர்கள். அந்த ஆறு நிமிடமோ இருபது நிமிடமோ நீங்களும் உட்காருங்கள். குழந்தை படம் வரையட்டும், ஆடட்டும், தரையில் உருளட்டும். அசையாமல் கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடிந்ததும் முள்ளைத் தூக்குவது குழந்தையின் பொறுப்பு. அதே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் போடுங்கள்; இந்த வயதில் அப்படித்தான் பாட்டு உள்ளே இறங்குகிறது.

8. இப்போது தாத்தா பாட்டியைக் கூப்பிடலாம்

குழந்தைக்குத் தட்டோடு சொந்தமாக ஓர் உறவு வந்த பிறகு நம் நினைவுகளுக்கு இடம் கிடைக்கும். இப்போது கேள்விகள் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். "இந்த நாய் யாரு?" என்று எச்.எம்.வி. லேபிளைக் காட்டும். அது நிப்பர். ஃபிரான்சிஸ் பாரோ என்ற ஆங்கில ஓவியர் வரைந்தது. முதலில் அந்த நாய் உருளை ஓட்டும் ஃபோனோகிராஃபின் முன் உட்கார்ந்திருந்தது. பிறகு கிராமபோன் கம்பெனிக்காக அதன் மேலேயே கிராமபோனை வரைந்து மாற்றினார். லேபிளில் "டம் டம்" என்று இருந்தால் வாசித்துக் காட்டுங்கள், பெயரே சிரிப்பு மூட்டும். கொல்கத்தாவை ஒட்டிய அந்த ஊரில்தான் இந்தத் தட்டுகளை அச்சடித்தார்கள்.

இந்தியாவின் முதல் ரெக்கார்டு நட்சத்திரம் கௌஹர் ஜான் 1902-ல் பாடிய கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்குள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே? அதனால் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்ட நாளிலிருந்து எந்தப் பாட்டைப் பாடினாலும் கடைசியில் தங்கள் பெயரைக் கத்துகிறார்கள்.

தாத்தாவிடம் "ரெக்கார்டு பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் நீளமாகப் போகும். ஒரு குறிப்பிட்ட தட்டைக் கையில் கொடுத்து, "இதை எங்கே வாங்கினீங்க தாத்தா, கூட யார் வந்தாங்க?" என்று பிள்ளையையே கேட்க வையுங்கள். பதில் சின்னதாக, உயிரோடு வரும்.

9. சுத்தமும் சேமிப்பும்

இதைக் குழந்தையின் வேலையாகவே ஆக்கலாம், தண்ணீர் விளையாட்டு யாருக்குப் பிடிக்காது? இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்; ஒரு கிண்ணத்தில் அதை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் காய வையுங்கள். பழைய பனியன் துணி நூல் விடும், வேண்டாம். 78 தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். முள்ளைச் சுத்தம் செய்வது பெரியவர் வேலை: மென்மையான பிரஷால் பின்னிருந்து முன்னே ஒரே இழுப்பு.

தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு வந்தால் வினைல் வளைந்துபோகும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அப்போது அலமாரியை அடிக்கடி திறந்து காற்றாட விடுங்கள்.

10. குழந்தையின் சொந்தத் தட்டு

கடைசியாக, ஒரு நாள் கடைக்குக் கூட்டிப் போங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தை, மும்பை சோர் பஜார், கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெரு என்று எந்தப் பக்கம் பயணம் போனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பட்ஜெட்டை முன்பே சொல்லிவிட்டு, தேர்வை முழுக்கப் பிள்ளையிடம் விடுங்கள். அட்டையில் இருக்கும் யானைக்காக வாங்கினாலும் சரி, உங்கள் ரசனையை அங்கே கொண்டுவராதீர்கள்.

உங்கள் வேலை தட்டைச் சோதிப்பது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் முள் குதிக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியும் மெல்லிய கோடுகள் கொஞ்சம் சரசரக்கும், பாதகமில்லை. கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் வளைவு தெரியும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் இருந்தால் அது அதிகம் ஓடிய தட்டு. உறைக்குள் இருப்பது அட்டையில் போட்டிருக்கும் அதே தட்டுதானா என்றும் பாருங்கள், பழைய கடைகளில் மாறிக் கிடப்பது சகஜம். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழுவி, அப்புறம் ஓடவிடுங்கள். உறையின் பின்பக்கம் பென்சிலால் பிள்ளையின் பெயரையும் தேதியையும் ஊரையும் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.